மூன்றாவது கம்பியின் அர்த்தம்

வட இந்தியாவில் மின்சாரம் நின்றுபோனால் "லைட் போய்விட்டது" என்பார்கள். நண்பகல் வேளையாக இருக்கும். வெயில் கண்ணைக் கூசவைக்கும். எந்த அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்காது. ஆயினும் போனது லைட்தான். தமிழ்நாட்டில் அதே இடத்தில் "கரண்ட் போய்விட்டது" என்பார்கள். இரண்டும் ஆங்கிலச் சொற்களே என்றாலும் இரண்டும் வேறு வேறு காலத்தின் நினைவைச் சுமப்பவை. மின்சாரம் என்ற ஒன்று வீட்டுக்குள் வந்தது விளக்கு எரிப்பதற்காகத்தான் என்ற நினைவு 'லைட்' என்ற சொல்லில் உறைந்து கிடக்கிறது. சொல்லில் உறைந்திருப்பதால் தீங்கில்லை. அதே காலம் சுவருக்குள்ளும் உறைந்திருக்கும்போதுதான் ஆபத்துத் தொடங்குகிறது.

தில்லியில் முனிர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய், முகர்ஜி நகர் போன்ற பகுதிகளில் ஆய்வு மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பெருந்தொகையாக வாடகைக்கு வாழ்கிறார்கள். அங்குள்ள கட்டடங்கள் பல ஒரே நாளில் எழுந்தவை அல்ல. முதலில் ஒரு தளம். குடும்பம் பெருகியபோது இன்னொன்று. மாணவர்கள் வரத் தொடங்கியபின் மேலும் இரண்டு. ஒவ்வொரு தளம் எழுந்தபோதும் கீழே ஏற்கெனவே இருந்த மின்கம்பியிலிருந்து ஒரு கிளை பிரித்து மேலே கொண்டுபோயிருப்பார்கள். இரண்டு 60 வாட் விளக்கும் ஒரு மின்விசிறியும் உள்ள அறைக்கு ஒரு ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே போதும். அந்தக் கணக்குக்குப் போட்ட கம்பியில் இன்று 8 ஆம்பியர் இழுக்கும் ஒன்றரை டன் ஏசி தொங்குகிறது. பக்கத்து அறையில் இன்னொன்று. குளியலறையில் 2,000 வாட் கீசர். 2024 ஜூன் 19 அன்று தில்லியின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. செய்தித்தாள்கள் அதை நகரத்தின் எண்ணாக எழுதின. ஒவ்வொரு சுவருக்குள்ளும் அது ஒரு கம்பியின் எண்ணும் ஆகும்.

'டன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கடையில் ஏசி வாங்குபவர் அதை எடை என்று நினைப்பதுண்டு. அது பனிக்கட்டியின் கணக்கு. ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் குளிரூட்டல். மின்கணக்கில் சொன்னால் 3.5 கிலோவாட். ஆக, ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5.3 கிலோவாட் அளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதைச் செய்ய அது மின்கம்பியிலிருந்து எடுப்பது 1.5 முதல் 1.8 கிலோவாட் வரை. பனிக்கட்டி வண்டிகளின் காலத்துச் சொல் ஒன்று, விளக்குக் காலத்துக் கம்பி ஒன்று, இந்தக் காலத்து வெயில். மூன்றும் ஏசி பொருத்தப்படும் நாளில் ஒரே சுவரில் சந்திக்கின்றன.

கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். எட்டு மடங்கானால் வெப்பம் அறுபத்து நான்கு மடங்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியை மீட்டர் பலகையிலிருந்து 20 மீட்டர் தூரம் இழுத்தால், போவதும் வருவதுமாக 40 மீட்டர்; அதன் மின்தடை ஏறத்தாழ அரை ஓம். ஒரு ஆம்பியர் ஓடிய காலத்தில் அந்தக் கம்பி அரை வாட் வெப்பத்தை வெளியிட்டது. 8 ஆம்பியரில் அது 32 வாட். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இருந்தால் 12 வாட்டோடு முடியும். ஒரே ஒரு ஏசி மட்டும் ஓடினால் மெல்லிய கம்பியும் தாங்கிவிடும்போலத்தான் தோன்றும். ஆனால் அதே கம்பியில்தான் இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கெட்டிலும் ஓடுகின்றன. அதே குழாய்க்குள்தான் மற்ற அறைகளின் கம்பிகளும் நெருங்கிக் கிடக்கின்றன. சுவரே 45 பாகை வெயிலில் காய்ந்திருக்கிறது. ஒன்றரை டன் ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

இருப்பினும் தீ பெரும்பாலும் கம்பியின் நடுவில் பிறப்பதில்லை, இணைப்பில் பிறக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, திருகு தளர்ந்த சாக்கெட், அலுமினியமும் தாமிரமும் சேருமிடம். அங்கே கால் ஓம் தடை கூடிவிட்டால் போதும். 8 ஆம்பியரில் 16 வாட் வெப்பம் விரல்நுனி அளவே உள்ள இடத்தில் குவியும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்னுக்கு இணையான வெப்பம் அது. அந்த வெப்பம் திருகை மேலும் தளர்த்துகிறது, உலோகத்தின்மேல் ஆக்சைடு படிகிறது, தடை மேலும் கூடுகிறது. அறையில் மீன் அழுகியதுபோல ஒரு வாடை வருகிறதே என்று மாணவர்கள் குப்பைத் தொட்டியைத் தேடுவார்கள்; உருகிக்கொண்டிருப்பது சாக்கெட்டின் பிளாஸ்டிக்காக இருக்கும்.

"எம்.சி.பி. இருக்கிறதே" என்பது வழக்கமாக வரும் பதில். எம்.சி.பி. காப்பது கம்பியை, அதுவும் அளவுக்கு மீறிய மின்னோட்டத்திலிருந்து. தளர்ந்த இணைப்பில் ஓடுவது அதே 8 ஆம்பியர்தான், எம்.சி.பி.க்கு அதில் குறைசொல்ல எதுவும் இல்லை. இன்னொன்றும் நடக்கும். மே மாதத்தில் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், விழாமலிருக்க 32 ஆம்பியர் ஒன்றை மாட்டிவிடுவார்கள். கம்பி அதே கம்பிதான். எச்சரித்த நாக்கை அறுத்துவிட்டு நோய் தீர்ந்தது என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

இனி மூன்றாவது கம்பி.

தில்லியின் தெருவழக்கில் பேஸ் கம்பிக்குச் சூடான கம்பி என்றும் நியூட்ரலுக்குக் குளிர்ந்த கம்பி என்றும் பெயருண்டு. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு இந்தி அறிவியல் நூல் அவற்றை 'வித்யுன்மய்', 'உதாசீன்' என்கிறது. இந்தியில் 'உதாசீன்' என்றால் எப்பக்கமும் சாராதது. அதே சமஸ்கிருதச் சொல் தமிழுக்கு வந்தபின் 'உதாசீனம்' என்றால் மதியாமை. ஒரே சொல்லின் இரு வாழ்க்கை. மின்கம்பிகளைப் பொறுத்தமட்டில் தமிழ்ப் பொருளே பொருத்தமானது; ஆனால் அது பொருந்துவது இரண்டாவது கம்பிக்கன்று, மூன்றாவதற்கு. பாடநூல் இந்தியில் அது 'பூசம்பர்க்'. பாடநூல் தமிழில் புவி இணைப்பு. தெருவில் இரு மொழியிலும் எர்த். இந்தி எழுத்தில் அந்த ஆங்கிலச் சொல்லை எழுதும்போது அது 'அர்த்' என்றே அமைகிறது. பொருள், நோக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் 'அர்த்'தும் அதே எழுத்துகளில்தான் எழுதப்படுகிறது. ஆகவே தில்லியில் ஒரு மெக்கானிக் சாக்கெட்டைச் சோதித்துவிட்டு "இதில் அர்த் இல்லை" என்று சொன்னால், அந்த வாக்கியத்தை இரு விதமாகவும் கேட்கலாம்.

மற்ற இரு கம்பிகளும் ஒவ்வொரு நொடியும் வேலைசெய்கின்றன. மூன்றாவது கம்பி நல்ல நாளில் ஒன்றும் செய்வதில்லை. அதை வெட்டிவிட்டாலும் ஏசி குளிரூட்டும், குளிர்ப்பெட்டி ஓடும், கீசர் கொதிக்கும். அதன் வேலை ஒரே ஒரு நாளுக்கானது: கம்ப்ரசரின் சுருளில் காப்புப் பூச்சு சிதைந்து பேஸ் மின்சாரம் இரும்பு உடலைத் தொடும் நாள். அன்று புவி இணைப்பு இல்லையெனில் வெளிப்பெட்டியின் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் அமைதியாகக் காத்திருக்கும். சத்தம் இல்லை, ஒளி இல்லை, ஏசியும் நிற்காது. மழையில் நனைந்த வெறுங்காலோடு பால்கனியில் துணி எடுக்க வருபவர் அந்தப் பெட்டிமேல் கைவைத்ததும் சுற்று முழுமையடையும். ஈரமான உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால் பாய்வது 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகிக் கையை விடுவிக்க முடியாமல் போகலாம். நூறைத் தொட்டால் இதயத்தின் தாளம் குலைந்துவிடலாம்.

2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தில்லியில் தேர்வுக்குப் படித்துவந்த மாணவர் ஒருவர் நீர் தேங்கிய தெருவைக் கடக்கும்போது இரும்புக் கதவொன்றைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். கதவு மின்கருவி அன்று. அதில் மின்சாரம் இருக்கும் என்று எண்ண எவருக்கும் காரணமில்லை. தொடக்கூடாத உலோகம் எது என்பதைக் கண்ணால் அறிய முடியாது என்பதே இந்த ஆபத்தின் இயல்பு.

புவி இணைப்பு இருந்தால் மட்டும் போதுமா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. வீட்டோரத்தில் புதைத்த ஒரு தண்டு மட்டுமே இணைப்பாக இருந்து, வறண்ட மண்ணில் அதன் தடை 20 ஓம் என்றிருந்தால், 230 வோல்ட்டில் அதன்வழி ஓடக்கூடியது 11.5 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டு அசையாது. கசிவும் தொடரும், உடலில் மின்சாரமும் நீடிக்கும். இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் ஆர்.சி.சி.பி. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. புவி இணைப்பு இல்லாத வீட்டிலும் அது வேலைசெய்யும். ஆனால் அங்கே அதற்குச் செய்தி சொல்ல ஒரு மனித உடல் தேவைப்படும். புவி இணைப்பு உள்ள வீட்டில் பழுது ஏற்பட்ட கணமே, யாரும் தொடுவதற்கு முன்னரே, அது விழுந்துவிடும். இரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு.

தெற்குத் தில்லியின் ஒரு சந்தில், ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் நடந்தது இது. மூன்றாம் மாடி அறையில் இரு ஆய்வு மாணவர்கள். ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர், மற்றவர் தமிழ்நாட்டிலிருந்து. ஊருக்குத் திரும்பும் மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து பழைய ஒன்றரை டன் ஏசியை வாங்கியிருந்தார்கள். பொருத்த வந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். கூடவே இருபது வயது உதவியாள் ஒருவன். எங்கே மாட்டுவது என்று மாணவர்கள் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது மீட்டர் எங்கே இருக்கிறது என்பதை. பிறகு சாக்கெட்டின் மேலேயுள்ள பெரிய துளையில் டெஸ்டரை வைத்தார். எர்த் துளையில் எரியக்கூடாத டெஸ்டர் மங்கலாக எரிந்தது. பையிலிருந்து இரண்டு கம்பி நீட்டிய ஒரு பல்பை எடுத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தபோது அது முழுமையாக எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தபோது இழை சிவக்கக்கூட இல்லை.

"பச்சைக் கம்பி இருக்கிறது, பேட்டா. நிலம் இல்லை" என்றார்.

"அப்படியென்றால் அது எப்படி டெஸ்டரில் எரிந்தது, உஸ்தாத்ஜி?" என்று கேட்டார் தமிழ் மாணவர்.

அதற்கு விடை இரண்டாம் மாடியில் கிடைத்தது. அங்கே வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவர் குடியிருந்தார். அவருடைய குளிர்ப்பெட்டியின் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். கைப்பிடியைத் தொட்டால் லேசாகக் கூசும் என்பதால், செருப்பை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பாராம். ஒன்றரை ஆண்டுப் பழக்கம். மெக்கானிக் அந்தக் குளிர்ப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். மேலே நின்ற உதவியாள், டெஸ்டர் அணைந்துவிட்டது என்று படிக்கட்டு வழியாகக் கத்தினான்.

நான்கு தளங்களின் பச்சைக் கம்பிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் கீழே, மீட்டர் பலகையை இடம் மாற்றிய காலத்தில், அந்தப் பொதுக் கம்பியைத் துண்டித்து நுனியில் டேப் சுற்றிவிட்டிருந்தார்கள். எனவே அது நிலத்தைத் தேடிச் செல்லும் கம்பியாக இல்லாமல், ஒரு வீட்டின் பழுதை மற்ற வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கம்பியாக மாறியிருந்தது. இரண்டாம் மாடிக் குளிர்ப்பெட்டியின் கசிவு மூன்றாம் மாடியின் ஏசி உடலுக்கு வர ஆயத்தமாக இருந்தது. எர்த் அறவே இல்லாத வீட்டைவிடவும் மோசமான நிலை இது. தன் கருவி பழுதில்லாமல் இருக்கையிலேயே ஒருவர் இன்னொருவரின் பழுதால் சாகலாம்.

வீட்டுக்காரர் வந்தார். இத்தனை ஆண்டுகளாக எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார். ஏசி மாணவர்களுடையது, ஆகவே கம்பிச் செலவும் அவர்களுடையது என்றார். சுவர் உங்களுடையது, அங்கிள் என்றார்கள் மாணவர்கள். பதினொரு மாத ஒப்பந்தம்; அதில் ஏழு மாதம் முடிந்திருந்தது. நான்கு மாதக் குடியிருப்புக்காக இன்னொருவர் சுவருக்குள் நிரந்தரமாக ஒரு கம்பியைப் பதிப்பதா என்ற தயக்கம் அவர்களுக்கும் இருந்தது. இந்தத் தயக்கத்தில்தான் நகரத்தின் ஆயிரக்கணக்கான பச்சைக் கம்பிகள் டேப் சுற்றிக் கிடக்கின்றன. வீட்டின் உரிமையாளருக்கு அந்த அறையில் தூங்க வேண்டியதில்லை. தூங்குபவருக்கு அந்த வீடு உரிமையில்லை.

மெக்கானிக்குக்கும் அதில் இழப்பு இருந்தது. அவருக்குக் கூலி நாள்கணக்கில் அன்று. பொருத்திய ஏசியின் எண்ணிக்கைக்கு. அன்றைக்கு இன்னும் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். "பெட்டியை மாட்டிவிடுகிறேன். லைட் கொடுக்க மாட்டேன்" என்றார். வேறு ஆளைக் கூப்பிட்டால் அரை மணியில் ஓடவைத்துவிடுவான் என்றார் வீட்டுக்காரர். "கூப்பிடுங்கள், பாய் சாஹப். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியை ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று கேட்டார் அவர். இரண்டாம் மாடிப் பிளக் மீண்டும் செருகப்பட்டது. தரைத்தளத்தில் வீட்டுக்காரரின் சொந்தக் குளிர்ப்பெட்டியின் கைப்பிடியில் டெஸ்டரை வைத்தபோது அதே மங்கலான ஒளி அங்கும் எரிந்தது. பக்கத்தில் அவருடைய பேத்தி தண்ணீர்ப் புட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பின் நீண்ட பேச்சு எதுவும் நடக்கவில்லை. மறுநாள் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து புதிதாக எர்த் பதித்தார்; நான்கு தளங்களின் பச்சைக் கம்பியும் அதில் சேர்ந்தது; மீட்டர் பலகையில் ஆர்.சி.சி.பி. ஒன்று ஏறியது. அது வீட்டுக்காரர் செலவு. மூன்றாம் மாடிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்தது மாணவர்கள் செலவு. இரண்டாம் மாடிக் குளிர்ப்பெட்டியைச் செருகியதுமே ஆர்.சி.சி.பி. விழுந்தது; அந்தப் பெண் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். மெக்கானிக் இழந்த அரை நாளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வேலையின் இன்னொரு சிக்கல் நிறங்களில் இருக்கிறது. தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். கம்பி நிறங்கள் பெரும்பாலும் இடுகுறிகள். சிவப்பில் மின்சாரம் எதுவும் இல்லை. இந்தியக் கட்டடங்களின் பழைய வழக்கில் பேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மும்முனை இணைப்பானால் பேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். ஆனால் ஏசியோடு வரும் கம்பி பன்னாட்டு வழக்கைப் பின்பற்றுவது: பேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள் வரி. அதே பன்னாட்டு வழக்கின் மும்முனையில் கறுப்பு ஒரு பேஸ். ஆக, நீலம் ஒரு மொழியில் நியூட்ரல், மற்றொன்றில் பேஸ். கறுப்பும் அவ்வாறே தலைகீழாகும். ஒரே ஒலி இரு மொழிகளில் எதிர்ப்பொருள் தருவதைப் போன்றது இது. நீலத்தை நீலத்தோடு சேர்த்துவிட்டால் 230 வோல்ட்டுக்குச் செய்த கருவி இரு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டில் சிக்கும். ஜெர்மனியின் பழைய வழக்கில் சிவப்பே எர்த்தின் நிறம் என்பதை நினைத்தால், எந்த நிறத்தையும் தானே விளங்கும் என்று நம்பக்கூடாது என்பது தெளிவாகும். நல்ல தொழிலாளி நிறத்தைப் படிக்கிறார். ஆனால் சோதித்த பிறகே நம்புகிறார்.

காரணக் குறிகளும் உண்டு. பச்சையோடு மஞ்சள் வரி சேர்ந்தது, நிறம் பிரித்தறிய முடியாதவரும் அந்தக் கம்பியை அடையாளம் காண்பதற்காக. மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. செருகும்போது முதலில் இணைவதும் பிடுங்கும்போது கடைசியில் பிரிவதும் அதுவாக இருக்க வேண்டும். மின்சாரம் வருவதற்கு முன்னரே பாதுகாப்பு வந்துவிட வேண்டும் என்ற விதியைப் பித்தளையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு துளைச் சாக்கெட்டில் நுழைவதற்காக அந்த முள்ளை உடைப்பவர் அழிப்பது அந்த வாக்கியத்தை.

எர்த் கிடைக்காத இடத்தில் இன்னொரு குறுக்குவழியும் வழக்கத்தில் இருக்கிறது: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. பல்பை வைத்துச் சோதித்தால் எரியும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் வழியாகவே பேஸ் மின்சாரம் வந்து உடலில் ஏறும். குளிர்ந்த கம்பி என்று பெயரிட்டதே சூடாகிவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுவதும் இத்தகையதே. இன்றைய குழாய்கள் பிளாஸ்டிக்; அவை நிலத்துக்கு எதையும் கொண்டுபோவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் விதிகள் இருக்கின்றன. வயரிங்குக்கு ஐ.எஸ். 732, புவி இணைப்புக்கு ஐ.எஸ். 3043, இவற்றையெல்லாம் தொகுத்துச் சொல்லத் தேசிய மின் குறியீட்டு நூல். மின்நிறுவல் பணியை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரீஷியன், வயர்மேன், குளிர்சாதன மெக்கானிக் ஆகியவை தனித்தனிப் பிரிவுகள். இந்தப் பிரிவினை நியாயமானதே. ஆனால் பொருத்தும் நாளில் அது ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. எலெக்ட்ரீஷியனின் பொறுப்பு சாக்கெட்டோடு முடிகிறது. ஏசி மெக்கானிக்கின் பொறுப்பு பிளக்கில் தொடங்குகிறது. பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் யாருடையது? ஏசியோடு வரும் கையேடு, எர்த் கம்பியை எரிவாயுக் குழாயிலோ தண்ணீர்க் குழாயிலோ இடிதாங்கியிலோ இணைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறது. எழுவாய் இல்லாத ஏவல் வாக்கியம். அதைப் படிக்கக்கூடியவர் கம்பியைத் தொடுவதில்லை. கம்பியைத் தொடுபவர் கையில் அந்தக் கையேடு கொடுக்கப்படுவதில்லை. ஏவல் யாரை நோக்கியது என்ற இலக்கணக் கேள்வி இங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகிறது.

பொருத்துபவரின் உயிரும் இதில் சேர்ந்ததே. மூன்றாம் மாடிச் சன்னலுக்கு வெளியே ஒரு காலைச் சட்டத்தில் ஊன்றி, இடுப்பில் பட்டை இல்லாமல், வெளிப்பெட்டியின் இணைப்புகளைத் திருகுபவரைத் தில்லியின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அந்த உயரத்தில் கொல்வதற்குப் பெரிய அதிர்ச்சி தேவையில்லை. கையை உதறவைக்கும் சிறு கூச்சமே போதும். இன்வெர்ட்டர் ஏசியின் வெளிப்பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள், இணைப்பைத் துண்டித்த பின்னரும் சில நிமிடங்களுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் தாங்கி நிற்கக்கூடியவை. காத்திருக்க வேண்டிய அந்த நிமிடங்களைத்தான், எண்ணிக்கைக் கூலி அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. "சீக்கிரம் முடியுங்கள்" என்று அறைக்குள்ளிருந்து வரும் குரலும் பறிக்கிறது.

விடுதியைவிட்டு வாடகை அறைக்குப் போகும் மாணவர்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஏசி வாங்குவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, எர்த் துளை உண்மையில் நிலம்வரை போகிறதா என்று சோதிக்கச் சொல்லலாம். மீட்டர் பலகையில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கலாம்; இருந்தால் அதிலுள்ள 'டி' என்ற சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது விழுகிறதா என்று அறியலாம். ஏசிக்குத் தனிக் கம்பியும் அந்தக் கம்பிக்கு ஏற்ற எம்.சி.பி.யும் கேட்கலாம். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே ஓடும் கம்பியில் நடுவில் ஒட்டு இருக்கக்கூடாது. வெளியே வரும் கம்பி இணைப்புக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும், மழைநீர் இணைப்புக்குள் இறங்காமல் இருக்க. பொருத்தி ஒரு மணி நேரம் ஓடியபின், பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் சுடக்கூடாது. இவற்றுள் எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை.

எந்த உலோகத்தைத் தொட்டாலும் "லேசாகக் கூசுகிறது" என்று யாராவது சொன்னால், அவருக்குச் செருப்பை எடுத்துக் கொடுக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து அறையிலும் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் கேளுங்கள். அந்தக் கூச்சம் அவர்களில் யாருடைய கருவியிலிருந்தும் வந்துகொண்டிருக்கலாம். அடுத்து அதைத் தொடப்போவது யார் என்பதும் தெரியாது.